திறந்தவெளியைக் காக்க மக்கள் வாக்கெடுப்பு: சென்னையில் இதற்கு வழி உண்டா?

மடிப்பாக்கம்வாசி கேட்கிறார்:

எங்கள் மனைப்பிரிவில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடம் ஒன்று உண்டு. பூங்கா இதுவரை வரவில்லை. ஆயினும் ஐப்பசி மழையில் நான்கு தெருத் தண்ணீரும் அங்கேதான் இறங்குகிறது. மற்ற மாதங்களில் பிள்ளைகள் ஆடுகிறார்கள். சென்ற மாதம் ஒரு விடியற்காலையில் இரண்டு லாரி கட்டட இடிபாட்டைக் கொட்டிவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் சவுக்குக் கம்பு நட்டு முள்கம்பி இழுத்துவிட்டார்கள். 'பூங்கா இடம்' என்று எழுதிய பழைய தகரப் பலகை அந்தக் கம்பிக்கு உட்புறம் குப்புறக் கிடக்கிறது. புகார் கொடுக்கப் போன அலுவலகத்தில், கோப்பு கிடைக்கவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அமெரிக்காவில் இத்தகைய நிலங்களை ஊர் மக்களே வாக்களித்துக் காப்பாற்றுகிறார்கள் என்று என் மருமகன் சொன்னார். அது எப்படி நடக்கிறது? நம் மாநகராட்சியில் ஒரு வார்டு மக்களிடமாவது அப்படி வாக்குக் கேட்க முடியுமா?

திருவான்மியூர்க்காரன்:

ஐயா, நான் கலிபோர்னியாவின் வென்சுரா கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) பல ஆண்டுகள் வசித்துத் திரும்பியவன். அங்கே இரண்டு விதமான வாக்கெடுப்புகள் உண்டு. இரண்டையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது.

முதலாவது, பணம் திரட்டுவதற்கானது. கொலராடோவின் போல்டர் நகர மக்கள் 1967-இல் தங்கள் விற்பனை வரியை உயர்த்திக்கொள்ளத் தாங்களே வாக்களித்தார்கள், அதில் 0.4 சதவீதம் திறந்தவெளி நிலங்களை விலைக்கு வாங்குவதற்கென்றே ஒதுக்கப்பட்டது. கலிபோர்னியாவில் உள்ளாட்சி மன்றம் இப்படிக் குறிப்பிட்ட நோக்கத்துக்கு வரி போட முன்வந்தால், பொதுவாக மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் வேண்டும். அவ்வளவு பேரை இணங்கவைப்பது எளிதன்று.

இரண்டாவதில் ஒரு சென்ட் நிலம்கூட வாங்கப்படுவதில்லை. வென்சுரா நகரில் 1995-இலும், கவுண்டி முழுவதற்கும் 1998-இலும் நிறைவேறிய 'சோர்' என்ற ஏற்பாடு இப்படிப்பட்டது. விவசாய நிலம், திறந்தவெளி என்று நிலப் பயன்பாட்டுத் திட்டத்தில் குறிக்கப்பட்ட இடத்தை, சில விதிவிலக்குகள் நீங்கலாக, வேறு வகைக்கு மாற்றும் அதிகாரத்தை மன்ற உறுப்பினர்களிடமிருந்து எடுத்து, மாற்றம் வேண்டுமென்றால் மக்களிடம் வாக்குக் கேட்க வேண்டும் என்று ஆக்கியதுதான் அதன் சாரம். 2016-இல் மறுபடியும் வாக்களித்து 2050 வரை நீட்டித்தார்கள். எலுமிச்சைத் தோப்புகளை அடுத்து வீடுகள் சட்டென்று நின்றுபோகும் எல்லையை நான் நாள்தோறும் கடந்து வேலைக்குப் போயிருக்கிறேன். வீட்டு விலை ஏற இதுவும் ஒரு காரணம் என்ற குறை அங்கே பலமாகப் பேசப்படுகிறது. அதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

ஓய்வுபெற்ற நகரமைப்பாளர்:

மேலே சொன்னவர் தெளிவாக விளக்கிவிட்டார். நம் சட்டத்தில் அத்தகைய வாக்கெடுப்புக்கு இடமில்லை. நில வகைப்பாடு 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி மாற்றப்படுகிறது. மக்களுக்கு இருப்பது ஆட்சேபம் தெரிவிக்கும் உரிமைதான். கிராம சபையின் சொல் முடிவாக நின்ற நேர்வும் உண்டு. ஒடிசாவின் நியம்கிரியில் 2013-இல் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி கூடிய பன்னிரண்டு கிராம சபைகளும் சுரங்கத்தை மறுத்தன. ஆனால் அது காடுவாழ் மக்களுக்கான வன உரிமைச் சட்டத்தின் பலத்தில் நடந்தது. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் கிராம சபை மீண்டும் மீண்டும் போட்ட தீர்மானங்களுக்கு அந்தப் பலம் இல்லை. நம் நகரங்களில் 2022 நவம்பரில் தொடங்கிய, வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடும் பகுதி சபைகளின் தீர்மானமும் அப்படித்தான். பதிவில் நிற்குமே தவிர, யாரையும் கட்டுப்படுத்தாது.

ஆனால் தங்கள் வழக்கில் வாக்கெடுப்பே தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. அந்த இடம் ஏற்கெனவே பொதுமக்களுடையது. மனைப்பிரிவில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை பெங்களூர் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 1991-இலேயே செல்லாதென்று தீர்ப்பளித்தது. வழக்குத் தொடர அந்தப் பகுதிவாசிகளுக்கு உரிமை உண்டு என்பதையும் ஏற்றுக்கொண்டது. பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் காக்கத் தமிழ்நாட்டில் 1959-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது.

மடிப்பாக்கம் 2011 வரை ஊராட்சி. மாநகராட்சியோடு இணைந்தபோது ஊராட்சிக் கோப்புகள் இடம் மாறின. இத்தகைய நிலங்கள் பலவற்றுக்குக் கேடு வருவது அங்கேதான். ஆகவே கோப்பு இல்லை என்ற பதிலோடு நின்றுவிடாதீர்கள். அனுமதி பெற்ற மனைப்பிரிவு வரைபடத்தின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் சிஎம்டிஏவிடம் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) கேளுங்கள். பத்து ரூபாய்தான் கட்டணம். பூங்கா இடம் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுக்கப்பட்டதா என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பத்திரமே எழுதப்படாமல் விட்டிருந்தால்தான் 'பட்டா நிலம்' என்று சொல்லிக்கொண்டு எவரேனும் உள்ளே வர முடியும்.

மடிப்பாக்கம்வாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. எங்கள் தெருவில் முதன்முதலில் வீடு கட்டிய அம்மையார் ஒருவரிடம் மனை வாங்கிய காலத்து நீலநிற வரைபடம் இருப்பது இன்று தெரிந்தது. மடிப்பில் கிழிந்திருந்தாலும், பூங்கா என்ற எழுத்தும் அனுமதி எண்ணும் படிக்கும்படி உள்ளன. அந்த எண்ணைக் குறிப்பிட்டுத் திங்கட்கிழமை மனு கொடுக்கிறேன். அடுத்த பகுதி சபையில் தீர்மானமும் கொண்டுவருவோம். கட்டுப்படுத்தாவிட்டாலும், வழக்குக்குப் போகும் நாளில் பதிவாகவாவது இருக்கட்டும்.