டோஸ் ஏத்தியும் சுகர் இறங்கலை, ஆனா நடுராத்திரியில் லோ ஆகுது (30/70 இன்சுலின்)

கொள்ளிடக்கரை:
அம்மாவுக்கு வயசு 64, சர்க்கரை வந்து 17 வருஷம். 30/70 ஹியூமன் இன்சுலின் (30 பங்கு சீக்கிரம் வேலை செய்யற தெளிவான மருந்து, 70 பங்கு மெதுவா வேலை செய்யற கலங்கல் மருந்து), குப்பி. காலையில் 24 யூனிட், ராத்திரி 16. கூடவே மெட்ஃபார்மின் 500 ரெண்டு வேளை. ஆறு மாசம் முன்னாடி 18, 12ன்னு இருந்தது, செக்கப் போகப்போக ஏத்திக்கிட்டே வந்தாங்க. இன்னமும் வெறும் வயித்தில் 190லிருந்து 240, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு 260க்கு மேலே. ஆனா வாரத்தில் ஒரு நாளாவது விடியக்காலை மூணு மணி வாக்கில் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி எழுந்துக்கிறாங்க. அப்போ மீட்டரில் 58, 63ன்னு காட்டுது. உடனே சத்துமாவுப் பால் ஒரு டம்ளர், வாழைப்பழம் கொடுக்கிறோம். ராத்திரி சாப்பாடு 3 இட்லி, இல்லைன்னா 2 சப்பாத்தி. டோஸை இன்னும் ஏத்தணுமா, இன்சுலின் பேனாவுக்கு மாறணுமா?

ஊசிமுனை:
டோஸைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி அம்மா வயித்தைத் தடவிப் பாருங்க. விரலில் கொஞ்சம் சோப்புத் தண்ணி தொட்டுக்கிட்டு, தொப்புளுக்கு ரெண்டு பக்கமும் மெதுவா அழுத்தி நகர்த்துங்க. சுத்தியிருக்கிற தோல் மெத்துன்னு இருக்க, ஒரு இடம் மட்டும் ரப்பர் மாதிரி தடிச்சிருந்தா அதுதான் இன்சுலின் கொழுப்புக் கட்டி. ஒரே இடத்தில் வருஷக்கணக்கா குத்தினா, இன்சுலினே அங்கே கொழுப்பை வளர்த்துவிடும். அந்த இடத்தில் குத்தினா வலிக்காது. அதனாலேயே கை தானா அங்கே போகும்.

கட்டிக்குள்ளே போட்ட மருந்து ஒரு நாள் பாதிதான் ரத்தத்தில் கலக்கும், இன்னொரு நாள் தாமதமா மொத்தமும் கலக்கும். ஒரு பக்கம் 240, இன்னொரு பக்கம் 58ன்னு வர்றதுக்கு இது பெரிய காரணம். பேனாவுக்கு மாறினாலும் அதே கட்டியில் குத்தினா இதே கதைதான்.

கட்டி இருக்கிற இடத்தை எழுதற பேனாவால் வட்டம் போட்டு, சில மாசத்துக்கு அங்கே குத்தவே கூடாது. வயித்தை நாலு பாகமாப் பிரிச்சு வாரத்துக்கு ஒரு பாகம். அந்தப் பாகத்துக்குள்ளேயும் நேத்து குத்தின இடத்திலிருந்து ஒரு விரற்கடை தள்ளி. தொப்புளிலிருந்து ரெண்டு விரற்கடை விட்டுடணும். 30/70ல் காலை ஊசி வயித்திலும் ராத்திரி ஊசி தொடையிலும் போடறது நல்லது, தொடையில் மெதுவா ஏறும். சிரிஞ்ச் ஊசி 6 அல்லது 8 மி.மீ. இருக்கும், அதனால தோலை மடிப்பா லேசாப் பிடிச்சுக் குத்தி, மருந்து முழுசும் போனதும் பத்து எண்ணிட்டு எடுங்க. ஊசியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினா முனை வளைஞ்சு தோலைக் கிழிக்கும், கட்டி வர்றதுக்கு அதுவும் காரணம்.

மருந்துக்கடை மாமா:
மேலே சொன்னதோட சிரிஞ்சையும் பாருங்க தம்பி. குப்பியில் 40 ஐ.யூ.ன்னு (ஒரு மி.லி.யில் 40 யூனிட்) இருந்தா சிரிஞ்சிலும் 40ன்னே அச்சடிச்சிருக்கணும். சிவப்பு மூடி 40, ஆரஞ்சு மூடி 100ன்னு சொல்வாங்க. நிறத்தை நம்பாம எண்ணைப் படிங்க. 40 குப்பி மருந்தை 100 சிரிஞ்சில் 24 கோடு வரை இழுத்தா உள்ளே போறது 9.6 யூனிட்தான். மாத்தி, 100 குப்பி மருந்தை 40 சிரிஞ்சில் அதே 24க்கு இழுத்தா 60 யூனிட், உயிருக்கே ஆபத்து. வெளியூர் போனப்போ அவசரத்துக்கு வாங்கின சிரிஞ்ச் வீட்டில் கலந்து கிடக்குதான்னு தேடிப் பாருங்க.

30/70 கலங்கல் மருந்து, வெச்ச இடத்தில் அடியில் படிஞ்சிடும். ரெண்டு உள்ளங்கைக்கு நடுவில் பத்துத் தடவை உருட்டி, பத்துத் தடவை தலைகீழாக் கவுத்து, பால் மாதிரி ஒரே சீரா வந்த பிறகுதான் இழுக்கணும். கலக்காம இழுத்தா ஒரு நாள் தெளிவான பாகம் அதிகமா வரும், இன்னொரு நாள் கலங்கல் பாகம். கலக்கின பிறகும் திட்டுத்திட்டா மிதந்தா, இல்லை கண்ணாடியில் வெள்ளையா ஒட்டியிருந்தா கொட்டிடுங்க. திறந்த தேதியைக் குப்பி மேல எழுதுங்க, நாலு வாரத்துக்கு மேல வேண்டாம். ஃப்ரீசர் பக்கத்தில் வெச்சு ஒரு தடவை உறைஞ்சாலும் அது வீண்தான். ஃப்ரிட்ஜ் கதவுத் தட்டு போதும். மின்வெட்டு அதிகமுள்ள ஊரா இருந்தா, ஈரமண் போட்ட பானைக்குள்ளே ஒரு சின்னப் பானை வெச்சு, குப்பியைப் பாலிதீன் உறையில் கட்டி அதில் வையுங்க.

கொள்ளிடக்கரை:
தொப்புளுக்கு வலது பக்கம் எலுமிச்சம்பழ அளவுக்குத் தடிப்பு இருக்கு, ரொம்ப நாளா அங்கேதான் போடறாங்களாம். சிரிஞ்ச் 40தான். குப்பி எப்போ திறந்தோம்னு தெரியலை. இன்னைக்கே இடம் மாத்தி இதே 24, 16 போடலாமா?

ஊசிமுனை:
டாக்டர்கிட்டே பேசாம அதே அளவைப் போடாதீங்க. இந்த 24, 16 எல்லாம் கட்டியைத் தாண்டிப் போறதுக்காக ஏத்தின அளவு. நல்ல தோலில் போட்டா முழு மருந்தும் ரத்தத்துக்கு வரும், சுகர் சடசடன்னு இறங்கும். 10லிருந்து 20 சதவீதம் குறைச்சு ஆரம்பிக்கறது வழக்கம், சிலருக்கு இன்னும் கூடக் குறைக்க வேண்டியிருக்கும். கட்டியைக் காட்டி, எவ்வளவு குறைக்கணும்னு அவங்களையே சொல்லச் சொல்லுங்க. கிரியாட்டினினும் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) பாக்கச் சொல்லுங்க. சிறுநீரகம் தளர்ந்திருந்தா இன்சுலின் உடம்பில் நீடிச்சு நிக்கும், ராத்திரி லோவுக்கு அதுவும் வழி. இப்போதைக்குப் புதுக் குப்பி திறந்துக்கோங்க.

லோவுக்குக் கொடுக்கறதையும் மாத்தணும். சத்துமாவுப் பாலில் சுகர் மெதுவாத்தான் ஏறும், ஆனா விடியறதுக்குள்ளே நிறைய ஏறிடும். அந்த நாள் காலையில் வர்ற 240ஐ நம்பி ராத்திரி டோஸை ஏத்தினா மறுபடி மூணு மணிக்கு லோ. 70க்குக் கீழே இருந்தா குளுக்கோஸ் பவுடர் இல்லை சர்க்கரை 3 டீஸ்பூன், ஏறக்குறைய 15 கிராம், அரை டம்ளர் தண்ணியில். 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க, ஏறலைன்னா இன்னொரு தடவை. 70ஐத் தாண்டினதும் ரெண்டு பிஸ்கட் போதும். நினைவு தப்பினா வாயில் எதையும் ஊத்தாதீங்க, புரை ஏறிடும். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு 108க்கு அடிங்க.

தஞ்சாவூர்ப் பொண்ணு:
நேரத்தையும் கவனிங்க அண்ணா. ஹியூமன் 30/70ஐ சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி போடணும். ராத்திரி ஏழரைக்குப் போட்டா அதோட கலங்கல் பாகம் நடுராத்திரியிலிருந்து மூணு, நாலு மணி வரைதான் ரொம்பப் பலமா வேலை செய்யும். ஊசி போட்டுட்டு 3 இட்லிக்குப் பதிலா ஒண்ணோட எழுந்துட்டா அந்த நேரத்தில்தான் லோ வரும். இட்லியா சப்பாத்தியாங்கறதைவிட, தினமும் ஒரே அளவு மாவுச்சத்து ஒரே நேரத்துக்குப் போறதுதான் 30/70க்கு முக்கியம். கேழ்வரகுக் கஞ்சி, ஓட்ஸ் கஞ்சின்னு மாத்தாதீங்க, கரைச்சுக் குடிச்சா தானியம் மென்னு சாப்பிடறதைவிடச் சீக்கிரம் ஏறும். சாம்பாரில் பருப்பைக் கெட்டியாப் போட்டு, ஒரு கிண்ணம் காய் சேர்த்துக்கோங்க.

இடம் மாத்தின முதல் ரெண்டு வாரம் காலை ஊசிக்கு முன், ராத்திரி ஊசிக்கு முன், படுக்கப் போகும்போது பாத்து எழுதுங்க. வாரத்தில் ரெண்டு நாள் மூணு மணிக்கும் அலாரம் வெச்சுப் பாருங்க. கை வசதி இருந்தா தோலில் ஒட்டி சுகரை விடாம அளக்கிற 14 நாள் சென்சார் ஒண்ணு ஒட்டிக்கலாம், ராத்திரி முழுக்க நடக்கிறது தெரியும். ஆனா சென்சார் ரத்தத்துக்குச் சில நிமிஷம் பின்தங்கித்தான் காட்டும். அதனால லோ அறிகுறி இருக்கும்போது விரல் குத்திப் பாத்து உறுதி பண்ணிக்கோங்க.