பென்ஸ் 240டி: திறப்பை எடுத்தாலும் எஞ்சின் நிக்குதில்லை. திருத்தவோ, விக்கவோ?

கொக்குவிலான்:
எல்லாருக்கும் வணக்கம். அப்பா வைச்சிருந்த 1982 பென்ஸ் 240டி இப்ப என்னட்டை. ரெண்டு கிழமையா, திறப்பைத் திருப்பி வெளியில எடுத்தாலும் எஞ்சின் தன்ரை பாட்டுக்கு ஓடுது. கியரில போட்டு, பிறேக்கை அமத்தி, கிளச்சை விட்டுத்தான் நிப்பாட்டுறன். கராஜில டீசல் பம்பைக் கழட்டிக் கொழும்புக்கு அனுப்போணும் எண்டினம்.

மனுசி ஓடுறது 660 சிசி வகன் ஆர். அதின்ரை எஞ்சின் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தியில தானா நிண்டு, பிறேக்கில இருந்து காலை எடுக்கத் தானா ஸ்ராட் வருது. லீற்றருக்கு 18 போகுது. பென்ஸ் 10 தான். தம்பி இதை வித்துப்போட்டு இன்னொரு சின்னக் கார் எடு எண்டுறான். எனக்கு விக்க மனமே இல்லை.

பழைய டீசல்:
தம்பி, பம்பில கை வைக்க விடாதேங்கோ. அந்த எஞ்சினை நிப்பாட்டுறது கரண்ட் இல்லை, வக்யூம், அதாவது காத்தை உறிஞ்சி இழுக்கிற இழுவை. ஒரே வக்யூம் பம்ப்தான் பிறேக்கை லேசா அமத்த உதவுற பூஸ்டருக்கும், கதவுப் பூட்டுகளுக்கும், எஞ்சினை நிப்பாட்டுற வால்வுக்கும் இழுக்குது. ஒரு கதவுக்குள்ள ரப்பர் கிழிஞ்சாலும் எஞ்சின் நிக்காது.

பிறேக் பெடல் கல்லு மாதிரி இறுகேல்லை எண்டா வக்யூம் பம்ப் நல்லாயிருக்கு. பூஸ்டருக்குப் போற தடிச்ச குழாயில இருந்து பிரியிற மஞ்சள் ரியூப் கதவுப் பூட்டுக்குரியது. அதைக் கழட்டி வாயை இறுக்கி அடையுங்கோ. இப்ப திறப்புக்கு நிண்டா, பிழை கதவில. நிக்காட்டில், டீசல் பம்புக்குப் பின்னால வால்வில செருகியிருக்கிற மண்ணிற ரியூப்பைக் கழட்டி நுனியைப் பாருங்கோ. எஞ்சின் ஒயில் இருந்தா வால்வு பழுதாப் போட்டுது. அதை மட்டும் மாத்தினாக் காணும்.

கிளச்சை விட்டு நிப்பாட்டுறதை இண்டைக்கே விடுங்கோ. பொனட்டைத் திறந்தா எஞ்சினுக்கு மேல ஸ்ரொப் எண்டு எழுதின லீவர் இருக்கு. அமத்திப் பிடிச்சா நிண்டிடும்.

நல்லூர்ப் பிள்ளை:
என்னட்டையும் ரெண்டும் இருக்கு, அண்ணை. அம்மாவுக்கு முழங்கால் ஏலாது. வகன் ஆர் சீற் உயரம், அப்பிடியே இருந்திடுவா. பென்ஸில இருந்து எழும்ப ஒராள் கை குடுக்கோணும். சந்தை, ஒழுங்கை எல்லாத்துக்கும் 3.4 மீற்றர் நீள வகன் ஆர்தான் வசதி. ஆனா ஏ9 பெருந்தெருவில இரவு பஸ் முந்தேக்கை அது ஆடுற ஆட்டத்தில நான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்சபடிதான். பென்ஸ் அசையாது. 2020இல இறக்குமதியை நிப்பாட்டின பிறகு சின்னக் கார் விலை ஏறின ஏத்தம் தெரியும்தானே. ஒரு ரியூப் பிழைக்காக விக்காதேங்கோ. பெற்றோல் இல்லாத தொண்ணூறுகளில மண்ணெண்ணெயில கார் ஓட்டின மெக்கானிக்மார் இன்னும் எங்கடை ஊரில இருக்கினம்.

கொக்குவிலான்:
பழைய டீசல் அண்ணை, மஞ்சள் ரியூப்பை அடைச்சன், திறப்பைத் திருப்பின கையோட நிண்டிட்டுது! பின் இடதுக் கதவின்ரை உள்மட்டையைக் கழட்டினா, பூட்டை இழுக்கிற ரப்பர் மடிப்பில வெடிச்சிருக்கு. என்ரை உள்ளங்கையளவும் இல்லை. அப்பா இருந்திருந்தா முதல் நாளே கண்டுபிடிச்சிருப்பார். விக்கேல்லை. ரப்பர் எங்கை எடுக்கலாம்?

பழைய டீசல்:
கொழும்பில பஞ்சிகாவத்தைக் கார்ச் சாமான் கடையளில கேளுங்கோ, பழசைக் கையில கொண்டுபோங்கோ. வாற வரைக்கும் மஞ்சள் ரியூப் அடைச்சபடி இருக்கட்டும். கதவுகளை ஒவ்வொண்டாக் கையால பூட்டலாம். உள்மட்டைக்குப் பின்னால இருக்கிற பிளாஸ்ரிக் தாளைத் திரும்ப ஒட்ட மறக்காதேங்கோ, மாரி வருது.