புதுப்பிப்பு: இரணைமடுவில் எடுத்த குறும்படமும் காற்று தந்த பாடமும்

கிளிநொச்சியில் மாணவர்கள் ஐந்து பேர் சேர்ந்து குறும்படம் எடுக்கப்போவதாகவும், கமரா வாடகைக்கே கையிருப்பில் பெரும்பகுதி போய்விடும் என்றும் முன்பு இங்கே எழுதியிருந்தேன். காசை ஒலிக்கு ஒதுக்கும்படி அப்போதே ஓர் அண்ணா சொன்னார், நாங்கள் கேட்கவில்லை.

இரணைமடுக் குளக்கட்டில் எடுத்த உரையாடல் முழுவதையும் சோளகக் காற்று விழுங்கிவிட்டது. கமராவிலேயே இருக்கும் ஒலிவாங்கி, பேசுபவரின் குரலைவிட அருகில் வீசும் காற்றையே உரக்கப் பதிகிறது என்பது வீடு திரும்பிக் கேட்டபோதுதான் விளங்கியது. மறுமுறை, நடிகரின் சட்டைக்குள் சிறிய ஒலிவாங்கியை மறைத்து, அதைக் கைபேசியுடன் இணைத்துத் தனியாகப் பதிந்தோம். ஒவ்வொரு காட்சியின் தொடக்கத்திலும் ஒருவர் கைதட்டியதால் படத்தையும் ஒலியையும் பொருத்துவது இலகுவாயிற்று. யாரும் பேசாதபோது அந்த இடத்தில் கேட்கும் வெறும் ஓசையையும் ஒரு நிமிடம் பதிந்து வைத்தோம், காட்சிகளை வெட்டி ஒட்டும்போது இடையில் விழும் மௌனத்தை நிரப்ப அதுதான் கைகொடுத்தது.

நண்பகல் வெயில் கண்குழிகளில் கருநிழல் விழுத்துவதால் காலை ஒன்பது மணிக்குள் வெளிக்காட்சிகளை முடித்தோம். மாலையை நம்பவேண்டாம், நம் பக்கத்தில் சூரியன் மறைந்தால் அரைமணிக்குள் இருட்டிவிடும்.

குழல் விளக்கின் கீழ் படம் துடித்ததற்கு, நம் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு மினுங்கும் வேகத்தோடு கமராவின் ஷட்டர் வேகம் பொருந்தாததே காரணம். ஷட்டரை, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் கமரா ஒளியை உள்வாங்கும் நேரத்தை, 1/50 நொடியாக மாற்றியதும் துடிப்பு நின்றது. முறிகண்டியில் வாங்கிய கச்சான் மட்டும் எந்தத் திட்டமிடலும் இல்லாமலே தீர்ந்துபோனது.