மறுமொழி: ஜாயின்டர் – இணைப்பியா, இழைப்பியா?

> கிட்டார் செய்யப் பழகுகிறவர்களுக்கு ஒரு சிறு கையேடு எழுதிவருகிறேன். "கைக்கு அடங்கும் விலையில் ஜாயின்டர்" என்று ஒரு பகுதி. பலகையை நேராக்கும் மெஷினான ஜாயின்டருக்கு "இணைப்பி" என்று போட்டு வைத்திருக்கிறேன். சரிதானா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

இணைப்பி வேண்டாம் என்பது என் கருத்து. அந்தச் சொல்லுக்கு வலைப்பக்கத்திலும் மின்கம்பியிலும் ஏற்கெனவே வேலை இருக்கிறது, அதைக்கூட விட்டுவிடலாம். இந்த மெஷின் எதையும் இணைப்பதில்லை. இரண்டு பலகைகளை ஒட்டும் முன், ஒட்டவேண்டிய பக்கங்களை நேராக்கிக் கொடுப்பதோடு அதன் பங்கு முடிந்தது. ஒட்டுவது பசை, இறுக்கிப் பிடிப்பது கிளாம்ப்.

ஜாயின்டர் என்பதே அமெரிக்கப் பேச்சு. அதே மெஷினுக்கு பிரிட்டனில் பிளேனர் என்று பெயர். பலகையின் கனத்தைச் சீராக்கும் இன்னொரு மெஷினை அமெரிக்கர் பிளேனர் என்பார், பிரிட்டன்காரர் திக்னஸர் என்பார். நம் ஊர்ப் பட்டறைகள் பிரிட்டன் வழியைப் பிடித்துக்கொண்டு சர்ஃபேஸ் பிளேனர், திக்னஸ் பிளேனர் என்கின்றன. அமெரிக்க வீடியோ பார்த்துவிட்டுக் கடையில் போய் வெறுமனே பிளேனர் என்று கேட்டால், 82 மி.மீ. அகலத்தில் கையால் பிடித்து ஓட்டும் சின்ன மெஷினை எடுத்து வைப்பார்கள். இணையக் கடையில் ஜாயின்டர் என்று தேடினால் செங்கல் சுவரின் சாந்துக் கோட்டைத் தீட்டும் கரண்டிகூட வந்து நிற்கும். கையேட்டில் ஒரு தமிழ்ச்சொல் வருவதால் உண்மையான லாபம் கிடைக்க வேண்டுமானால், இந்தக் குழப்பம் தீர வேண்டும். ஒரு சொல் போதாது, ஜோடியாக இரண்டு சொல் வேண்டும்.

மெஷின் என்ன செய்கிறது என்று பார்ப்போம். இரண்டு மேசைகள், நடுவே சுழலும் கத்தி உருளை. கத்தி நுனி சுழன்று தொடும் உச்சத்துக்குச் சரிமட்டமாகப் பின்மேசை நிற்கும். முன்மேசை அதைவிட அரை மில்லிமீட்டரோ ஒன்றோ தாழ்ந்திருக்கும். அந்தத் தாழ்வுதான் ஒரு ஓட்டில் சீவப்படும் அளவு. பலகையை முன்மேசையில் வைத்துத் தள்ளினால் அடியில் துருத்திக்கொண்டிருக்கும் இடங்கள் முதலில் போகும், சில ஓட்டுகளில் அடிப்பக்கம் முழுவதும் ஒரே தளமாகிவிடும். மேல்பக்கம் எப்படிக் கோணியிருந்தாலும் மெஷினுக்குக் கவலையில்லை, அதைத் தொடுவதே இல்லை. பிறகு அந்தத் தளத்தைப் பக்கவாட்டுத் தடுப்பில் ஒட்டிப் பிடித்து விளிம்பை ஓட்டினால், விளிம்பும் நேராகித் தளத்துக்கு 90 பாகையில் நிற்கும்.

திக்னஸர் வேறு ஜாதி. அங்கே ரப்பர் உருளைகள் பலகையை அமுக்கி இழுத்துக்கொண்டு போக, கத்தி மேலிருந்து சீவும். அடிப்பக்கத்துக்கு இணையாக மேல்பக்கம் வரும், அவ்வளவுதான். முறுக்கிய பலகையை உள்ளே விட்டால் உருளை அதை அமுக்கி நிமிர்த்தும், வெளியே வந்ததும் பழையபடி முறுக்கிக்கொள்ளும். கனம் குறைந்ததுதான் மிச்சம். அதனால் முதலில் ஜாயின்டர், அப்புறம் திக்னஸர். இந்த வரிசையைப் பெயரைக் கேட்டதும் புரிந்துகொள்ள முடிந்தால் நல்ல பெயர்.

ஜெர்மானியர்கள் இதைச் சரியாகச் செய்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஜாயின்டர் அப்ரிக்ட்ஹோபல், திக்னஸர் டிக்கன்ஹோபல். ஹோபல் என்றால் இழைப்புளி, மரத்தைச் சீவும் தச்சுக் கருவி. ஒன்று நேராக்கும் இழைப்புளி, மற்றது கனத்துக்கான இழைப்புளி. பிரெஞ்சுக்காரர்கள் முதலாவதை தெகோஷிசெஸ் என்கிறார்கள், கோணலை எடுப்பது என்று பொருள். எவரும் இணைப்பை எடுத்துக்கொள்ளவில்லை.

நம்மிடம் இழைப்புளி இருக்கிறது, இழைப்பது என்ற வினை இருக்கிறது. ஆகவே என் முன்மொழிவு: ஜாயின்டருக்கு மட்ட இழைப்பி, திக்னஸருக்குக் கன இழைப்பி. இரண்டையும் ஒரே உடம்பில் வைத்த மெஷினுக்கு இரட்டை இழைப்பி. பேச்சில் மட்ட இழைப்பு மெஷின் என்று சொன்னாலும் குறையில்லை.

> விளிம்பு நேராக்கி என்று வைக்கலாமே? ஜாயின்டரின் முக்கிய வேலை அதுதானே?

பாதி வேலைதான். கிட்டார்ப் பட்டறையில் பாதிகூட இல்லை. அக்கூஸ்டிக் கிட்டாரின் முகப்பு ஒரே பலகையைப் பிளந்து, புத்தகம்போல் விரித்து ஒட்டிய இரண்டு துண்டுகள். ஒட்டும்போது ஒவ்வொன்றும் 4 மி.மீ. கனம் இருந்தால் பெரிது. அவ்வளவு மெல்லிய பலகையைச் சுழலும் கத்திமேல் நிறுத்தி ஓட்ட நான் யாருக்கும் சொல்லமாட்டேன். நீண்ட இழைப்புளியைப் படுக்கவைத்துக் கையால் இழைத்து, இரண்டு விளிம்பையும் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இடையில் ஒளி கசிகிறதா என்று பார்ப்பதே பெரும்பாலோர் வழக்கம். மெஷினுக்கு வேலை கழுத்துக் கட்டையிலும் எலெக்ட்ரிக் கிட்டாரின் உடல் கட்டையிலும்தான் இருக்கிறது, அங்கே விளிம்பைவிடத் தளமே முதலில்.

> நன்னூல் பாயிரத்தில் "மரத்தின் கனக்கோட்டம் தீர்க்கும் நூல்" என்று வருகிறதே. கோட்டந்தீர்ப்பி என்று வைத்தால் எவ்வளவு அழகு!

அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே பேசப்படுவது தச்சர் கோடு போடும் நூல்கயிறு. அது கோட்டம் எங்கே என்று காட்டும், செதுக்குவது வேறு கருவி. அது போக, எந்தப் பட்டறையிலும் "தம்பி, அந்தக் கோட்டந்தீர்ப்பியை ஆஃப் பண்ணு" என்று யாரும் சொல்லப்போவதில்லை. கோட்டம் என்ற சொல்லை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்வோம். பலகை கோணுவதற்குப் பொதுப்பெயர் கோட்டம், அதில் முறுக்குக் கோட்டம் ஒரு வகை, வில் கோட்டம் ஒரு வகை. கையேட்டுக்கு இது கட்டாயம் தேவைப்படும்.

ஒரு சொல் நிற்குமா என்பதை அதை வைத்து எழுதிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். வாங்கும் பகுதியை நான் எழுதினால் இப்படி எழுதுவேன். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மட்ட இழைப்பி வாங்கப் போகிறவர் எல்லோரும் மேசை நீளத்தைப் பற்றித்தான் முதலில் கவலைப்படுகிறார்கள். மேசை நீளத்தைப்போல இரண்டு மடங்கு வரை உள்ள பலகையை நேராக்கலாம் என்பது பொதுவான கணக்கு. கதவு, கட்டில் செய்கிறவருக்கு அது பெரிய தடை. கிட்டார்க்காரருக்கு அப்படியில்லை. நரம்பு அதிரும் நீளமே 648 மி.மீ. அல்லது 629 மி.மீ.தான், கழுத்துக் கட்டை முழுசாக 700 மி.மீ. சுற்றி வரும், உடல் கட்டை அரை மீட்டர். ஆகவே மேசைமேல் தூக்கி வைக்கிற குட்டி மெஷினின் எழுநூற்றுச் சொச்சம் மில்லிமீட்டர் நீளம் போதும். விலை குறைந்த மெஷினை மற்ற தச்சர்கள் ஒதுக்கும் காரணம் நமக்குப் பொருந்தாது என்பது நம் அதிர்ஷ்டம்.

அகலம்தான் நம்மை இடிக்கும். மலிவான மட்ட இழைப்பிகளில் பெரும்பாலானவை 6 அங்குலம், அதாவது 152 மி.மீ. எலெக்ட்ரிக் கிட்டார் உடல் ஏறக்குறைய 330 மி.மீ. அகலம். இரண்டு துண்டாக ஒட்டினால் ஒவ்வொன்றும் 170க்கு மேல் வேண்டும், உள்ளே போகாது. 8 அங்குல மெஷினுக்குப் போனால் விலை தாவிவிடும். அதற்குப் பதில் உடலை மூன்று துண்டாக ஒட்டுங்கள். ஒவ்வொன்றும் 115 மி.மீ., 6 அங்குலத்தில் தாராளமாக ஓடும். பெயின்ட் அடித்து மூடுகிற கிட்டாராக இருந்தால் யாருக்கும் தெரியப்போவதுமில்லை. இரண்டு துண்டுதான் வேண்டும் என்கிறவர், பலகையை ஒரு தட்டையான பலகைமேல் ஆப்பு கொடுத்து ஆடாமல் ஒட்டி, அதோடு கன இழைப்பியில் விட்டு மேல்பக்கத்தைத் தளமாக்கலாம். கத்திக் காப்பைக் கழற்றிவிட்டு அகலப் பலகையை இரண்டு தடவையாக ஓட்டும் வித்தை இணையத்தில் உலவுகிறது. கையேட்டில் அதைச் சேர்க்காதீர்கள்.

ஐரோப்பிய வழியில் இன்னொன்று உண்டு. ஐன்ஹெல், ஷெப்பாக் போன்ற ஜெர்மன் நிறுவனங்கள் 204 மி.மீ. அகல இரட்டை இழைப்பிகளைச் சிறிய அளவில் செய்கின்றன. அலுமினிய மேசை, இரைச்சல் அதிகம், இருந்தாலும் இடமில்லாத பட்டறைக்கு இது எனக்குப் பிடித்த யோசனை. ஒரு வேலையிலிருந்து மறுவேலைக்கு மாற்றும்போது மேசையைக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். ஆகவே எல்லாத் துண்டுகளுக்கும் மட்ட இழைப்பை முடித்துவிட்டு ஒரே தடவையில் கன இழைப்புக்கு மாறுவது நல்லது.

வாங்குமுன் பார்க்கவேண்டியது மோட்டார் குதிரைசக்தி அல்ல. முன்மேசையை ஏற்றிப் பின்மேசைக்குச் சமமாக்கி, நல்ல நேர்விளிம்பு ஒன்றை இரண்டின்மேலும் நீளவாக்கிலும் குறுக்காகவும் வைத்துப் பாருங்கள். இரண்டு மேசையும் ஒரே தளத்தில் இல்லையென்றால், வெட்டிய விளிம்பு நடுவில் குழியும் அல்லது மேடாகும். திருகு வைத்துச் சரிசெய்ய வழியிருந்தால் வாங்கலாம், இல்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள். அடுத்தது பக்கவாட்டுத் தடுப்பு. மலிவு மெஷின்களில் அது ஒல்லி அலுமினியம், கையால் அழுத்தினாலே வளையும். 90 பாகை ஓட்டுக்கு ஓட்டு மாறினால் மூன்று, ஐந்து பட்டைகள் ஒட்டிச் செய்யும் கழுத்தில் பசைக்கோடு தடித்துத் தெரியும். பழைய வார்ப்பிரும்பு 6 அங்குல மெஷின் நல்ல நிலையில் கிடைத்தால் புதிய அலுமினியத்தைவிட அதுவே மேல். துருவைத் தேய்த்து எடுத்துவிடலாம், விரிசலைத்தான் ஒன்றும் செய்ய முடியாது.

கத்தி உருளையில் இரண்டு வகை. நீளக் கத்தி இரண்டு மூன்று வைத்தது ஒன்று. சின்னச் சின்னக் கார்பைடு சில்லுகளைச் சுருள் வரிசையில் பதித்தது மற்றது. அலைரேகை ஓடும் மேப்பிள் மரமும் நம் ஈட்டி மரமும் நீளக் கத்தியில் நார் பிய்ந்து வரும். (அந்த ஈட்டி எங்கெல்லாம் போயிருக்கிறது! பிரேசில் ஈட்டி கிடைப்பது சிரமமானதும், 1969இல் அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான மார்ட்டின் இந்திய ஈட்டிக்கு மாறியது. அன்றிலிருந்து உலகத்தில் பாதி நல்ல கிட்டார்களின் முதுகில் நம் மேற்குத்தொடர்ச்சி மலை இருக்கிறது என்று சொன்னால் கொஞ்சம்தான் மிகை.) சில்லு மழுங்கினால் திருப்பி வைத்தால் போதும், சதுரச் சில்லுக்கு நான்கு முனை. பணம் மிஞ்சினால் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

பாதுகாப்பு: 300 மி.மீ. நீளத்துக்குக் குறைந்த துண்டு வேண்டாம், கழுத்தின்மேல் ஒட்டும் 6 மி.மீ. கன விரல்பலகை வேண்டவே வேண்டாம், தள்ளுகட்டை இல்லாமல் கை கத்திக்கு மேலே போகக்கூடாது.

வருஷத்துக்கு இரண்டு மூன்று கிட்டார் செய்கிறவருக்கு மெஷினே தேவையில்லை. 22 அங்குல நீளமுள்ள 7ஆம் எண் இழைப்புளி போதும். வேடிக்கை என்னவென்றால் ஆங்கிலத்தில் அதற்கும் ஜாயின்டர் என்றே பெயர். அதற்கு நெட்டை இழைப்புளி என்று வைக்கலாமா?

அன்புடன்,
கிட்டார்ப் பட்டறையிலிருந்து

----------

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன்.

நாங்கள் இழைப்புளியைச் சீவுளி என்போம், ஆனால் இழைப்பி எங்களுக்கும் விளங்கும், பிரச்சினை இல்லை. கன இழைப்பிதான் இடறுகிறது. கனம் என்றால் எங்களுக்குப் பாரம்தான் முதலில் வரும். பாரமான மெஷின் என்று நினைத்துவிடுவார்கள். தடிப்பு இழைப்பி என்றால் என்ன?

அடுத்தது, மட்ட இழைப்பி என்றதும் எங்கட வீட்டில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மலிவான மெஷின் பற்றிய கட்டுரையில் மட்டமான இழைப்பி என்று வந்தால் யார் வாங்குவான்?

----------

நல்ல சிரிப்பு. ஆனால் ரசமட்டம், மூலைமட்டம் என்று கேட்டு யாரும் மட்டமான சாமான் என்று நினைப்பதில்லையே. தொழில்காரர் காதில் மட்டம் என்றால் சமம் என்றுதான் விழும். "மட்டமான" என்று விகுதி சேர்த்தால்தான் வம்பு. கையேட்டில் எங்கேயும் அந்த வடிவம் வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

தடிப்பு இழைப்பியை ஏற்கிறேன். இங்கே தடிமன் என்று எழுதுகிறோம், பட்டறையில் கனம் என்று பேசுகிறோம். தடிப்பு இரண்டு கரைக்கும் புரியும், பாரம் என்ற மயக்கமும் இல்லை. மேலே நான் எழுதிய கன இழைப்பி எல்லாவற்றையும் தடிப்பு இழைப்பி என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

பக்கவாட்டுத் தடுப்பு என்று ஒவ்வொரு தடவையும் எழுதுவது நீளமாக இருக்கிறது. ஃபென்ஸ் என்பதற்கு வேலி என்று யாரோ தனிமடலில் சொன்னார்கள். வேலி சுற்றி வரும், இது ஒரு பக்கம் நிற்பது, பலகையை அணைத்துப் பிடிப்பது. அணை என்று வைக்கலாம் என்று நினைக்கிறேன். வட்ட ரம்பத்துக்கும் ரூட்டர் மேசைக்கும் அதே சொல் பொருந்தும்.

----------

கையேட்டுக்காரர் எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

மட்ட இழைப்பி, தடிப்பு இழைப்பி, இரட்டை இழைப்பி, முன்மேசை, பின்மேசை, கத்தி உருளை, அணை, கோட்டம், நெட்டை இழைப்புளி என்று மாற்றிவிட்டேன். ஒவ்வொன்றும் முதலில் வரும் இடத்தில் கடைக்காரருக்குத் தெரிந்த பெயரையும் சேர்த்துக் கொடுக்கிறேன்: மட்ட இழைப்பி, கடையில் சர்ஃபேஸ் பிளேனர் என்று கேட்கவும். ஜாயின்டர் என்ற சொல் அமெரிக்க வீடியோக்களைப் பற்றிய அடிக்குறிப்பில் மட்டும் வரும்.

பலகையின் கடைசி முனையில் கத்தி சற்று ஆழமாக இறங்கிவிடுகிற பள்ளத்துக்கு முனைக்குழி என்று எழுதியிருக்கிறேன். யாருக்கும் மறுப்பு இல்லையென்றால் வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுத்துவிடுவேன்.