4-ஆம் நம்பர் சேஃப்டி ஷூ சென்னையில எங்க கிடைக்கும்?
வணக்கம். மாதவரம் பக்கம் எக்ஸ்கவேட்டர், லோடர் சர்வீஸ் டெக்னீஷியனா இருக்கேன். பாரிமுனைக் கடைகள்ல 6-க்குக் கீழ எடுத்தே காட்ட மாட்டேங்குறாங்க. "யாருக்குமா, தம்பிக்கா?"ன்னு வேற கேள்வி. எனக்குத்தாங்க!

இப்போ 6-ஐ ரெண்டு சாக்ஸ் போட்டு ஓட்டுறேன். எக்ஸ்கவேட்டரோட டிராக் (சங்கிலிப் பட்டை) மேல ஏறும்போது குதிகால் கழண்டு வருது. முட்டி போட்டு கிரீஸ் அடிச்சா ஷூ முன்பக்கத்துல இருக்கிற ஸ்டீல் தொப்பியோட விளிம்பு கால் விரலை வெட்டுது.

ஐஎஸ் 15298 (சேஃப்டி ஷூவுக்கான இந்தியத் தர நிர்ணயம்) முத்திரை, 200 ஜூல் அடி தாங்குற முன்பக்கம், எண்ணெய்ல வழுக்காத சோல் கட்டாயம். பிங்க் கலர் அலங்காரம் வேணாம், சாமி.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஃபேக்டரியில வேலை பார்க்கிற அக்காங்க எங்க வாங்குறீங்க? கடை பேரும் தோராய விலையும் சொன்னா போதும். கவரால் (சட்டையும் பேண்ட்டும் ஒண்ணா இருக்கிற வேலை உடுப்பு) அளவெடுத்துத் தைக்கிற டெய்லர் தெரிஞ்சாலும் சொல்லுங்க. ரெடிமேடுல இடுப்பு சரியா இருந்தா கையைத் தூக்க முடியல.