கல்யாணம் செய்தால் ராணுவ அழைப்பு வராது என்று அவசரப்படுத்துகிறார்கள், என்ன செய்ய?

ரங்கூன் தையல்காரி:
அக்காமார்களே, எனக்கு 25 வயது. தையல் கடையில் வேலை. கோயில் தமிழ் வகுப்பில் ஒன்றாக அரிச்சுவடி படித்த நாலு பேர் நாங்கள். 2024 பிப்ரவரியில் இங்கே பர்மாவில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்ததிலிருந்து நாலு பேரும் நாலு பக்கம் ஆகிவிட்டோம். ஆண்களுக்கு 18 முதல் 35 வயது, பெண்களுக்கு 18 முதல் 27. கல்யாணமான பெண்ணுக்கு விலக்கு உண்டு. இப்போதைக்குப் பெண்களை எடுக்க மாட்டோம் என்று அப்போது சொன்னார்கள்தான், அம்மாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை.

எங்களில் ஒருத்திக்கு ஒரே மாதத்தில் பெகுவில் கல்யாணம் முடிந்தது. இன்னொருத்தி தாய்லாந்து போய் மகாசாயில் இறால் உரிக்கிறாள். மூன்றாமவள் படுத்த படுக்கையான அப்பாவைப் பார்த்துக்கொள்கிறாள், அவளுக்கு வரன் பார்க்க ஆளில்லை. மிச்சம் நான்.

எனக்கு ஒருவரைப் பிடிக்கும். மூன்று வருஷப் பழக்கம். ஆண்கள் வெளிநாட்டு வேலைக்குப் போக அனுமதி கொடுப்பதை 2024 மே மாதம் நிறுத்திய பிறகு அவரும் எல்லை தாண்டி அதே மகாசாய்க்குப் போய்விட்டார். இங்கே கரண்டு வரும் நேரம் தெரிந்துவைத்துக்கொண்டு போன் செய்வார். கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும் “கொஞ்சம் பொறு” என்கிறார்.

போன ஞாயிறு தன்லினிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு 38, அரிசிக்கடை வைத்திருக்கிறார். கெட்டவர் இல்லை. அம்மா லாபெட் (ஊறவைத்த தேயிலை) தட்டை நடுவில் வைத்தாள். நானும் கை நீட்டி எடுத்தால் சம்மதம் என்று அர்த்தமாகிவிடும், அதனால் தொடவில்லை. அன்று ராத்திரி முழுக்க அம்மா அழுதாள். அவள் பயம் பொய்யில்லை. பதினைந்து நாளில் பதில் சொல்ல வேண்டும்.

மோல்மேன் அக்கா:
தங்கச்சி, ஒன்று தெரிந்துகொள். இந்துக்களுக்குக் கல்யாணம், சொத்து விஷயத்தில் இங்கே இந்துச் சட்டம்தான் செல்லும். 1898-ஆம் வருஷத்துப் பர்மா சட்டம், 13-ஆம் பிரிவு. அதுவும் பழைய இந்துச் சட்டம். இந்தியாவில் 1955-இல் விவாகரத்துக்கு வழி செய்தார்கள், ஆனால் பர்மா 1937-லேயே தனியாகப் பிரிந்துவிட்டதால் அது நமக்கு இல்லை. என் பக்கத்து வீட்டு பௌத்தப் பெண் பெரியவர்கள் முன்னால் புருஷனும் தானும் சம்மதித்துப் பிரிந்தாள், சொத்தையும் பிரித்துக்கொண்டாள். நான் 11 வருஷமாக அம்மா வீட்டில் இருக்கிறேன். வக்கீல் உதட்டைப் பிதுக்கிவிட்டார். இன்றைக்கும் அந்த மனிதருக்கு நான் மனைவிதான். எனக்கும் ஒருவர் காத்திருந்தார். எட்டு வருஷம் காத்திருந்து போய்விட்டார்.

உனக்கு இரண்டு மூன்று வருஷம் போனால் வயது வரம்பு தாண்டிவிடும். அம்மாவிடம் இந்தக் கணக்கைச் சொல்.

கமாயுட் ஆச்சி:
அம்மாமேல் கோபப்படாதே, மகளே. 1964-இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது, கப்பல் ஏறுவதற்கு முன்னால் என் இரண்டு அக்காமாருக்கும் ஒரே முகூர்த்தத்தில் தாலி கட்டினார்கள். கூறைப்புடவைகூட இரவல். பெரியக்கா கடைசிவரை அந்தக் கல்யாணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

மகாசாய் இறால்:
அடி, அரிச்சுவடி படித்த நாலு பேர் என்றதுமே நீதான் என்று தெரிந்துவிட்டது! அவர் ஏன் பொறு என்கிறார் தெரியுமா? வேலை அட்டைக்கு வாங்கிய கடன் இன்னும் அடையவில்லை. உன்னிடம் சொல்ல வெட்கம். எனக்குச் சம்பள நாளில் தெரியவந்தது. கடன் எவ்வளவு, எப்போது முடியும் என்று நீயே கேள். அவர் தொகையைச் சொல்லாமல் மழுப்பினால் நானே அவரை நம்ப மாட்டேன்.

அப்புறம், பெகுவில் இருக்கிறவளைப் போய்ப் பார்த்தாயா? இரண்டு மாதமாக என் போனை எடுப்பதில்லை. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

ரங்கூன் தையல்காரி:
நேற்றுக் கேட்டேன். தொகையைச் சொன்னார், சொல்லிவிட்டு அழுதார். அம்மாவிடம் மோல்மேன் அக்கா எழுதியதைப் படித்துக் காட்டினேன். “பிரியவே முடியாதா?” என்று இரண்டு தடவை கேட்டாள். தன்லினுக்கு இன்னும் பதில் அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் பெகு போகிறேன், அம்மாவும் வருகிறாள்.