'பாப்புலர் சாவரின்ட்டி'க்குத் தமிழ் என்ன? (கான்சஸ், 1854) – அவசரம்

குழுமத்தாருக்கு வணக்கம். கல்லூரி மாணவர்களுக்கான அமெரிக்க வரலாற்று நூல் ஒன்றை மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். உள்நாட்டுப் போருக்கு முந்தைய இயல் முழுக்க இந்தச் சொல்தான். 'மக்கள் இறையாண்மை' என்று போட்டேன். படித்துப் பார்த்த ஆசிரியர், "இதை லிங்கன் எதிர்த்தார் என்றால் அவர் ஜனநாயக விரோதியா என்று பையன்கள் கேட்பார்களே" என்கிறார். நியாயம்தான். பிரான்சிடம் வாங்கிய லூசியானா நிலப்பரப்பில் 36 பாகை 30 கலை அட்சரேகைக்கு வடக்கே, மிசூரி நீங்கலாக, அடிமைமுறை கூடாது என்றது 1820 உடன்பாடு. 1854இல் செனட்டர் டக்ளஸின் கான்சஸ்-நெப்ராஸ்கா சட்டம் அந்தக் கோட்டை அழித்துவிட்டு, அடிமைமுறை வேண்டுமா என்பதை அங்கே குடியேறுகிறவர்களே முடிவு செய்யட்டும் என்றது. அந்தக் கொள்கைக்குப் பெயர் வேண்டும்.

---

> 'மக்கள் இறையாண்மை'

முதலில் 'ஆண்மை' எதற்கு அம்மா? இறைமை போதும், ஈழத்தார் அப்படித்தான் எழுதுகிறார்கள். "முறைசெய்து காப்பாற்றும் மன்னவன் மக்கட்கு இறையென்று வைக்கப் படும்" என்பதில் இறை அரசன். கல்வெட்டில் இறை என்றால் வரி, வரியில்லா நிலம் இறையிலி. இறுத்தல் என்றால் செலுத்துதல். ஆக வரி வாங்குகிறவனே இறைவன் ஆனான் என்று நீண்ட நாளாகச் சொல்லி வருகிறேன், யாரும் மறுக்கவில்லை. என் பரிந்துரை: குடியிறைமை.

---

மறுக்கவில்லை என்றால் ஒப்புக்கொண்டோம் என்று பொருளில்லை ஐயா :-) 'குடியிறைமை'யைக் கடைசி பெஞ்சு எப்படிப் படிக்கும் என்று யோசித்தீர்களா? டாஸ்மாக் நினைவு வந்துவிட்டால் அன்றைய வகுப்பு அவ்வளவுதான்.

'மக்கள்' என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. எவரை வைத்து வாக்கெடுப்போ அந்த அடிமைகளுக்கு வாக்கு இல்லை, அந்த மண்ணின் தொல்குடிகளை யாரும் கேட்கவில்லை. 1855 மார்ச்சில் பக்கத்து அடிமை மாநிலமான மிசூரிக்காரர்கள் துப்பாக்கியோடு எல்லை தாண்டி வந்து கான்சஸில் வாக்குப் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். அடுத்த ஆண்டு அடிமைமுறை எதிர்ப்பாளர்களின் லாரன்ஸ் ஊர் சூறையாடப்பட, பதிலுக்கு அடிமை ஒழிப்புத் தீவிரர் ஜான் பிரவுனின் கூட்டம் ஐந்து பேரை வெட்டிக் கொன்றது. அந்தக் காலத்திலேயே எதிர்ப்பாளர்கள் இதை 'ஸ்க்வாட்டர் சாவரின்ட்டி', அதாவது 'குந்தியிருப்போர் இறைமை' என்று கேலி செய்தார்கள். 'குடியேறிகள் முடிவுரிமை' என்று பட்டவர்த்தனமாகப் போடுங்கள்.

---

> பட்டவர்த்தனமாகப் போடுங்கள்

இங்கேதான் எனக்கு மாற்றுக் கருத்து. டக்ளஸ் பிடிவாதமாக அந்தப் பகட்டுச் சொல்லைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணமே அதன் பகட்டு. தீர்ப்பை நாம் சொல்லிலேயே எழுதிவிட்டால், அது எப்படி அத்தனை பேரை இழுத்தது என்று மாணவனுக்குப் புரியாமலே போகும். டிரெட் ஸ்காட் என்ற அடிமையின் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 1857 தீர்ப்பு, இந்தப் பகுதிகளில் அடிமைமுறையைத் தடுக்க நாடாளுமன்றத்துக்கே அதிகாரமில்லை என்றது. அப்படியானால் குடியேறியவர்கள் மட்டும் எப்படித் தடுப்பார்கள் என்று மறு ஆண்டு ஃப்ரீபோர்ட் ஊரில் நடந்த தேர்தல் விவாதத்தில் டக்ளஸை லிங்கன் மடக்கினார். அடிமைமுறைக்குக் காவலாக உள்ளூர்ச் சட்டம் போடாமல் விட்டால் அது அங்கே நிலைக்காது என்று டக்ளஸ் நழுவினார். அடிமைமுறை கொண்ட தென் மாநிலங்கள் அதை மன்னிக்கவில்லை. 1860இல் டக்ளஸின் ஜனநாயகக் கட்சி இரண்டாக உடைந்தது, சுமார் 40 சதவீத வாக்கோடு லிங்கன் அதிபர் தேர்தலில் ஜெயித்தார். இதெல்லாம் 'இறைமை' என்ற அந்தப் பெரிய வார்த்தையைச் சுற்றி நடந்தது, அதை எடுத்துவிட்டு என்ன சொல்லப் போகிறோம்?

---

இடையில் ஒன்று. 1860 டிசம்பர் 20இல் தென் கரோலினா அமெரிக்கக் கூட்டாட்சியை விட்டுப் போனதற்கு 'பிரிவினை' என்பதா, 'விலகல்' என்பதா? பிரிவினை என்றாலே குற்றம் சாட்டுவது போல ஒலிக்கிறது.

---

தயவுசெய்து அதற்குத் தனி இழை!

---

அனைவருக்கும் நன்றி. இங்கே ஒருவர் சொன்னபடி 'குடியேறிகள் முடிவுரிமை' என்றே போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும், 'மக்கள் இறையாண்மை' என்று டக்ளஸ் தரப்பு பெருமையாக அழைத்தது என அடிக்குறிப்பு. இதற்கு மேல் நேரமில்லை.

---

> அடிக்குறிப்பு

அடிக்குறிப்பில் தஞ்சம் புகும் சொல் சொல்லே அல்ல. 'குடியேறி'யில் மட்டும் 'குடி' இல்லையா, அதற்குக் கடைசி பெஞ்சு சிரிக்காதா? குடியிறைமையை நான் கைவிடவில்லை என்பது பதிவாகட்டும். அப்புறம், அட்சரேகை எதற்கு? அகலாங்கு என்று நல்ல தமிழ் இருக்கிறதே.